சரி, போதும், அக்கா

அலுவலகத்தில் அவளுக்குக் கமா என்று பெயர் விழுந்ததற்கு வேறு யாரையும் குறை சொல்ல முடியாது. வேலையில் சேர்ந்த புதிதில், கோப்புக்குப் பெயர் வைக்கும்போது நடுவில் கமா போட்டுத் தொலைக்காதீர்கள், பட்டியலை டேட்டாபேஸில் ஏற்றும்போது பெயர் அந்த இடத்தில் இரண்டாக உடைந்து பாதி அடுத்த கட்டத்துக்கு ஓடிவிடுகிறது என்று மாடி மாடியாக ஏறி இறங்கிச் சொன்னவள் அவள்தான். கணக்குப் பிரிவில் ஒருவர், "இந்தம்மா முற்றுப்புள்ளி வைக்கவே மாட்டாங்க போலிருக்கே" என்றார். அன்றிலிருந்து பெரியவர்களுக்குக் கமா, சின்னவர்களுக்குக் கமாக்கா. சம்பளச் சீட்டில் இருக்கிற பெயரைச் சொல்லிக் கேட்டால் வரவேற்பில் இருப்பவர்களே கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொல்வார்கள்.

அது பேச்சும் குரலும் கெட்டுப்போனவர்களுக்கான மருத்துவமனை. அவள் அறை கீழ்த்தளத்தில், படுக்கை விரிப்புகள் துவைக்கும் இடத்துக்கும் லிஃப்ட் மோட்டாருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருந்தது. ஒரு பக்கச் சுவர் எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும், இன்னொரு பக்கச் சுவர் லிஃப்ட் கிளம்பும்போதெல்லாம் நடுங்கும். ஜன்னல் என்று ஒன்று உண்டு. அதில் வெளியே நடைபாதையில் போகிறவர்களின் செருப்பும் பூட்ஸும் மட்டும் தெரியும்.

என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்டால் அவளால் ஒரு வரியில் சொல்ல முடிந்ததில்லை. மருத்துவமனையின் கணினிகளில் ஃபோல்டருக்குள் ஃபோல்டராக எண்ண முடியாத அளவுக்குக் கோப்புகள் கிடந்தன. தொண்டைப் படங்கள், பரிசோதனை முடிவுகள், பேச்சுப் பதிவுகள். ஒரு கட்டளை கொடுத்தால் கணினி அத்தனையையும் வரி வரியாகக் கொட்டும்: தேதி, நேரம், அளவு, பெயர். அந்த வரிகளை ஒரு கோப்பில் பிடித்து, தலைப்பு வரி, கூட்டல் வரி, வெற்று வரி எல்லாவற்றையும் களைந்து, எந்த இடத்தில் தேதி முடிகிறது, எந்த இடத்தில் பெயர் தொடங்குகிறது என்று கோடு கிழித்து, டேட்டாபேஸ் புரோகிராமுக்குள் ஏற்றுவாள். ஏறிவிட்டால், எந்த நோயாளியின் எந்தக் கோப்பு எங்கே இருக்கிறதென்று யார் கேட்டாலும் கண்மூடித் திறப்பதற்குள் சொல்லிவிடலாம். அவள் வீட்டுக்காரர் தரைக்கு டைல்ஸ் பதிப்பவர். "அரிசியில கல் பொறுக்குற வேலைன்னு சொல்லிட்டுப் போயேன், யாரும் மேற்கொண்டு கேட்க மாட்டாங்க" என்பார்.

பத்தாவது வரை அவள் தமிழில் படித்தவள். அதற்கு மேல் எல்லாம் ஆங்கிலத்தில். கணினி ஃபோல்டரை டைரக்டரி என்று வாத்தியார் சொன்னபோது டெலிபோன் டைரக்டரியைத்தான் சொல்கிறார் என்று நினைத்து ஒரு வகுப்பு முழுவதையும் அவள் வீணாக்கியதுண்டு. படிப்பு முடிந்ததும் முதலில் கிடைத்தது ஓர் அச்சகத்தில் நோட்டீஸ் தட்டச்சு செய்யும் வேலை. தமிழை ஒரு கணினியில் அடித்து இன்னொன்றில் திறந்தால் கொம்பும் காலும் கலைந்து, பூச்சி ஊர்ந்த மாதிரி என்னென்னவோ தெரியும் காலம் அது. முதல் நாள் அதைப் பார்த்து அவளுக்குக் கையெல்லாம் வியர்த்துவிட்டது. அச்சக முதலாளி சிரித்தார். எழுத்து உடைந்து தெரிந்தால் பதறக் கூடாது, உள்ளே எல்லாம் சரியாகத்தான் இருக்கும், ஃபான்ட் போட்டால் வந்துவிடும் என்றார். ஃபான்ட் போட்டார்கள், வந்துவிட்டது. தமிழில் கணினி பழகிய எல்லோரையும் போல அவளும் அதை மனதில் நன்றாகப் பதித்துக்கொண்டாள். அதன் பிறகு திரையில் கட்டம் கட்டமாகத் தெரிந்தாலும் சரி, கேள்விக்குறியாகத் தெரிந்தாலும் சரி, அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பார்க்கத்தான் அப்படி, உள்ளே நன்றாக இருக்கிறது என்று போய்க்கொண்டே இருந்தாள்.

மருத்துவமனையில் கோப்புப் பெயர்கள் எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தவரை இந்த நம்பிக்கையால் யாருக்கும் கெடுதல் இல்லை.

பிறகு டீச்சர் வந்தாள். பேச்சுப் பயிற்சி கொடுப்பவள் என்பதால் எல்லோரும் அவளை டீச்சர் என்றே கூப்பிட்டார்கள். இன்னும் கொஞ்ச நாளில் குரல் போய்விடும் என்று தெரிந்தவர்களை உட்காரவைத்து, அன்றாடம் தேவைப்படும் சொற்களை அவர்கள் குரலிலேயே பதிவு செய்வது அவள் தொடங்கிய வேலை. குரல் போன பிறகு அவர்கள் மடியில் ஒரு பேசும் பலகை இருக்கும். பொத்தானைத் தொட்டால் அவர்களுடைய பழைய குரலே அந்தச் சொல்லைச் சொல்லும். ஒரு சொல்லுக்கு ஒரு கோப்பு. பெயரை டீச்சர் தமிழிலேயே வைத்தாள்: அம்மா-1, தண்ணி-1, வேணும்-1. திரும்பப் பதிவு செய்ய நேர்ந்தால் இரண்டு என்று போடலாம் என்பதற்காக அந்த ஒன்று. நோயாளி வீட்டில் யாரும் திறந்து பார்த்தால் படிக்க வர வேண்டாமா என்றாள். கமாவுக்கு அது பிடித்திருந்தது. கமா இல்லாத வரைக்கும் எனக்கு ஆட்சேபணை இல்லை என்று சொல்லிச் சிரித்தாள்.

அப்படிப் பதிவு செய்துகொண்டவர்களில் ஒருவர் ஆபரேட்டர். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நரம்பு நோய். முதலில் கால், பிறகு கை, அதற்குப் பிறகு நாக்கு என்று ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டு போகும் என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். குரல் இருக்கும்போதே வந்து உட்கார்ந்தார். ஆயுள் முழுக்கக் குரலை விற்றுத்தான் சாப்பிட்டேன், கடைசி ஸ்டாக்கை உங்களிடம் கொடுக்கிறேன் என்று டீச்சரிடம் சொன்னாராம். அக்கா என்று பதிவு செய்யச் சொன்னபோது, எனக்கு அக்காவே கிடையாதே என்றார். நர்ஸைக் கூப்பிட உதவும் என்று டீச்சர் சொன்னதும், சரி, பிறக்காத அக்காவை இப்போது பெற்றுக்கொள்கிறேன் என்று சொல்லி, அதையும் அழகாகச் சொல்லிக் கொடுத்தார். அம்மா என்ற சொல்லை மட்டும் பல தடவை சொல்லிப் பார்த்து, எதிலும் திருப்தி இல்லாமல், கடைசியில் கதவுக்கு வெளியே நின்ற மகளை நினைத்துக்கொண்டு கூப்பிட்டார். அவர் மகளை அம்மா என்றுதான் கூப்பிடுவார். அந்தக் குரலைக் கேட்டு மகள் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்துவிட்டாள். அந்தப் பதிவையே டீச்சர் வைத்துக்கொண்டாள்.

அவர் குரல் போய், கைகளும் போய், ஒரு விரல் மட்டும் மிஞ்சியிருந்த காலத்தில்தான் மருத்துவமனை பழைய டிஸ்குகளைக் கழித்துப் புதிய இடத்துக்கு மாறியது. மாற்றும் பொறுப்பு கமாவிடம் வந்தது. பட்டியல் எடுத்து டேட்டாபேஸில் ஏற்றுவது, ஏறிய வரிகளிலிருந்து ஒரு வரிக்கு ஒரு நகல் கட்டளையாக எழுதவைப்பது, ஒவ்வொரு கோப்பும் ஒரு புது எண்ணோடு புது இடத்தில் போய் உட்காருவது. இதுதான் திட்டம். பேச்சுப் பிரிவின் பட்டியலை ஏற்றும்போது பெயர் கட்டத்தில் வரிசையாகக் கேள்விக்குறிகள் தெரிந்தன. பார்த்தாள். ஃபான்ட் இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். கடைசியில் புரோகிராம், சில வரிகள் ஏற்கெனவே இருப்பவையாகத் தெரிகின்றன, விட்டுவிட்டுத் தொடரலாமா என்று கேட்டது. அது எப்போதும் கேட்பதுதான். மாடிவாரியாகப் பட்டியல் எடுக்கும்போது ஒரே ஃபோல்டர் இரண்டு தடவை வந்து ஒட்டிக்கொள்ளும், புரோகிராம் இரண்டாவதைத் தள்ளும், அவள் ஆம் என்று அழுத்துவாள். அன்றைக்கும் ஆம் என்று அழுத்தினாள். நகல் கட்டளைகள் ஓடி முடிந்தன. பிழை என்று எங்கேயும் சிவப்பு எழுத்து வரவில்லை. நோயாளிகளின் குரல் வெளியே போகக் கூடாது என்பதால் பழைய டிஸ்குகளை இயந்திரத்தில் கொடுத்து நொறுக்கினார்கள். நொறுக்கியதற்கான தாளில் அவளும் ஒரு கையெழுத்துப் போட்டாள்.

சில வாரங்கள் கழித்து டீச்சர் கீழே இறங்கி வந்தாள். அவள் கீழ்த்தளத்துக்கு வருவது அபூர்வம். ஆபரேட்டரை மகள் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாள், கொஞ்சம் மேலே வாங்க கமாக்கா என்றாள். முகம் சரியில்லை.

மேலே அறையில் சக்கர நாற்காலியில் ஆபரேட்டர் சாய்ந்திருந்தார். சட்டைக் காலர் கழுத்துக்குப் பெரியதாகிவிட்டிருந்தது. மகள் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவள், வேலை உடுப்போடே வந்திருந்தாள். கமா உள்ளே நுழைந்ததும் பலகையிலிருந்து "அக்கா" என்று குரல் வந்தது. தன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து, "சொல்லுங்க சார்" என்றாள் கமா.

"அவரு உங்களைக் கூப்பிடலை" என்றாள் டீச்சர். "தண்ணி கேட்டாரு. பொத்தானை நீங்களே தொட்டுப் பாருங்க."

கமா தண்ணி என்று எழுதியிருந்த இடத்தைத் தொட்டாள். அக்கா என்றது. அம்மாவைத் தொட்டாள். அக்கா. அப்பா, தம்பி எல்லாம் அக்கா. பசி என்பதைத் தொட்டாள். சரி என்றது. வலி என்பதைத் தொட்டதற்கும் சரி என்றது. வேணும் என்பதைத் தொட்டதும் அந்தக் குரல், டெலிபோனில் கேட்டுப் பழகியது போன்ற அந்தத் தெளிவான குரல், "போதும்" என்றது. ஜன்னலைத் திற, டிவியை நிறுத்து போன்ற நீளமான வாக்கியங்கள் மட்டும் சரியாக வந்தன. அதனால்தான் பலகையில் கோளாறு இருக்கும் என்று வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை.

மகள் நடந்ததைச் சொன்னாள். அழவில்லை, கடையில் வாடிக்கையாளரிடம் விவரம் சொல்வது போலச் சொன்னாள். கோப்புகள் இடம் மாறியதும் பலகையைப் புதுப்பித்துக் கொடுத்த நாளிலிருந்து அப்பா தன்னை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தார். புத்தி தடுமாறுகிறது என்று நினைத்தாள். பிறகு சாப்பாட்டை வேண்டாம் என்று சொல்லத் தொடங்கினார். இரண்டு வாய் ஊட்டினால், சரி, போதும் என்பார். கொஞ்ச நேரம் கழித்துத் தானாகவே மறுபடி, சரி, போதும். குடும்ப டாக்டர் வந்து பார்த்தார். இந்த நோயில் சிலர் ஒரு கட்டத்தில் இப்படி முடிவெடுப்பார்கள், அவர் விருப்பம் அதுவானால் வற்புறுத்தாதீர்கள் என்றார். அவளும் வற்புறுத்தவில்லை.

"நான் தட்டை எடுத்துட்டுப் போனேங்க" என்றாள். "அவரு பசி, வேணும்னு சொல்லியிருக்காரு. நான் ஒவ்வொரு தடவையும் சரிப்பான்னு சொல்லிட்டுத் தட்டை எடுத்துட்டுப் போனேன்."

ஆபரேட்டரின் விரல் பலகைக்கு மேலே நின்றது. எதையும் தொடவில்லை.

டீச்சர் அன்றைக்கே வேணும், வேணாம், பசி, வலி எல்லாவற்றுக்கும் இயந்திரக் குரலை ஏற்றிக் கொடுத்தாள். இனி அவர் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. ஆனால் அது வேறு யாரோ ஓர் ஆணின் குரல், அறிவிப்புச் செய்வது போல. மகளிடம் கேட்டபோது, சாப்பாட்டுக்கு எந்தக் குரலாக இருந்தாலும் பரவாயில்லை என்றாள். அம்மா என்ற பொத்தானில் மட்டும் அந்த ஆளின் குரலைப் போடவேண்டாம், அது காலியாகவே இருக்கட்டும் என்றாள். பழைய பதிவு எங்கேயாவது இருக்கும் இல்லையா என்று கேட்டாள். டீச்சர் கமாவைப் பார்த்தாள். கமா தேடிப் பார்க்கிறேன் என்றாள். டிஸ்குகள் பொடியாகிவிட்டன என்று அந்த இடத்தில் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

கீழே வந்து டேட்டாபேஸைத் திறந்தாள். ஆபரேட்டரின் ஃபோல்டரில் ஐந்து கேள்விக்குறி போட்டு ஒரு வரி, ஆறு போட்டு ஒரு வரி, மூன்று போட்டு ஒரு வரி. எது எங்கே போனதென்று எழுத்தெழுத்தாக எண்ணிப் பார்த்தாள். அம்மா நமக்கு மூன்று எழுத்து. கணினிக்கு அ, ம, மேலே புள்ளி, இன்னொரு ம, துணைக்கால் என்று ஐந்து. அப்பாவும் ஐந்து, அக்காவும் ஐந்து, தண்ணியும் தம்பியும் ஐந்து. பட்டியலைக் கொட்டிய அந்தப் பழைய கட்டளைக்குத் தமிழே தெரியாது. தெரியாத ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்தது. ஒரு குடும்பம் முழுவதும் ஐந்து கேள்விக்குறியாகி, எல்லாம் ஒரே ஆள் என்று புரோகிராம் முடிவு கட்டி, முதலில் வந்த அக்காவை மட்டும் உள்ளே விட்டு மற்றவர்களை வாசலோடு அனுப்பிவிட்டது. அனுப்பலாமா என்று கேட்கவும் கேட்டது. ஆம் என்று சொன்னவள் அவள். பசியும் வலியும் சரிக்குள் போனதும், வேணும் போதுமுக்குள் போனதும் அப்படித்தான். உள்ளே சரியாக இருக்கும் என்று அவள் நினைத்திருந்தாளே, அந்த உள்ளே என்பதே இங்கே இல்லை.

மறுநாள் பிரிவுத் தலைவரிடம் போய்ச் சொன்னாள். நல்ல மனிதர், சிக்கல் என்றால் மட்டும் அவருக்கு ஆகாது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார். இயந்திரக் குரல் போட்டாயிற்று அல்லவா, நோயாளிக்கு இனி ஆபத்து இல்லை அல்லவா என்று உறுதி செய்துகொண்டார். நோயாளி வீட்டாருக்கு, சிஸ்டம் மாற்றும்போது போய்விட்டது என்று ஒரு கடிதம் அனுப்பிவிடலாம் என்றார். இதே போலத் தமிழில் பெயர் வைத்த மற்ற நோயாளிகள் இருக்கிறார்களே, சிலர் செத்தும் போய்விட்டார்களே, அவர்கள் வீட்டில் இந்தக் குரலைத்தானே வைத்திருப்பார்கள் என்று கமா கேட்டதற்கு, கேட்டு வருபவர்களுக்குச் சொல்லிக்கொள்வோம் என்றார்.

"சிஸ்டத்தால எதுவும் போகலை சார்" என்றாள் கமா. "நான்தான் ஆம்னு அழுத்தினேன். கடிதத்துல அப்படியே எழுதணும்."

அப்படி எழுதினால் உன் வேலைக்கு நான் உத்தரவாதம் இல்லை என்றார் தலைவர், மிரட்டலாக இல்லை, உண்மையாகவே வருத்தப்பட்டுக்கொண்டு. முதலில் அந்தக் குரல் நிஜமாகவே போய்விட்டதா என்று பார்த்துவிட்டு வா, பிறகு எதை எழுதுவது என்று பேசலாம் என்று அனுப்பிவிட்டார்.

அன்று வீட்டில் அவள் சாப்பாட்டில் கைவைக்கவில்லை. தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரர் முட்டியில் ஒட்டியிருந்த சிமெண்டைச் சுரண்டிக்கொண்டே என்னவென்று கேட்டார். சொன்னாள். அவர் கேலி ஏதும் செய்யவில்லை. அந்த ஆள் கோபத்தில் பலகையைக் கீழே தள்ளவில்லையா என்று மட்டும் கேட்டார். தள்ள அவருக்குக் கை இல்லை என்றாள் கமா.

தேடுவதென்றால் அவளுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். புதிய இடத்தின் பட்டியலை எடுத்து இன்னொரு தடவை ஏற்றினாள். இந்த முறை பெயர் கட்டத்தைப் பார்க்கவே இல்லை. அளவுக் கட்டத்தைப் பெரியது முதல் சிறியது வரை அடுக்கினாள். அங்கேதான் உறுத்தியது. ஆபரேட்டரின் அக்கா இருக்கவேண்டிய அளவைப் போல் பல மடங்கு கனமாக இருந்தது. அக்கா என்று ஒரு வார்த்தை சொல்ல அவ்வளவு எதற்கு? போதும் என்பதும் அப்படியே. சரி என்பதும்.

உட்கார்ந்த இடத்திலேயே அவளுக்கு விளங்கிவிட்டது. நகல் கட்டளையில் கேள்விக்குறி போட்டால் கணினி அதைக் கேள்விக்குறியாக எடுத்துக்கொள்ளாது. அந்த இடத்தில் எந்த எழுத்து இருந்தாலும் சரி என்று எடுத்துக்கொள்ளும். ஐந்து கேள்விக்குறியை எடுத்துப் புது எண்ணில் வை என்று அவள் கட்டளை சொன்னபோது, ஐந்து எழுத்துள்ள அத்தனை பேரையும் ஒருவர் பின் ஒருவராகக் கூப்பிட்டு, ஒரே கோப்புக்குள் இறக்கிவிட்டிருந்தது. ஒலிப்பதிவு தன் முதல் வரியில், நான் இவ்வளவு நீளம் என்று சொல்லிக்கொள்ளும். அக்காவின் முதல் வரி அக்காவின் நீளத்தை மட்டும் சொன்னது. ஒலிக்கும் புரோகிராம் அதை நம்பி, அக்கா முடிந்ததும் நின்றுவிட்டது. அதற்குப் பின்னால் மற்றவர்கள் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள்.

உடனே சந்தோஷப்பட அவளுக்குத் தைரியம் வரவில்லை. பழைய இடத்தில் எடுத்த பட்டியல் அவளிடம் இருந்தது. புரோகிராம் தள்ளிய வரிகள் டேட்டாபேஸில் இல்லையே தவிர, அந்த மூலப் பட்டியலில் அப்படியே இருந்தன. ஐந்து கேள்விக்குறியாக ஒன்றன் கீழ் ஒன்று, பக்கத்தில் வேறு வேறு அளவுகள். அவற்றைக் கூட்டினாள். கனத்துப்போன கோப்பின் அளவோடு ஒப்பிட்டாள். ஒரு பைட்டும் கூடவில்லை, குறையவில்லை. அவள் எழுந்து போய் வெதுவெதுப்பான சுவரில் கொஞ்ச நேரம் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றாள். ஜன்னலில் யாரோ ஒருவரின் ஈரச் செருப்புகள் கடந்து போயின.

மூலப் பட்டியல் சொன்ன அளவுகளில் கோப்பை நறுக்கினாள். முதல் துண்டு அக்கா. அதை ஓரமாக வைத்தாள். அடுத்ததை ஒலிக்கவிட்டாள். அண்ணா. அதற்கடுத்து அப்பா. அகர வரிசைப்படி அதற்கடுத்து அம்மாதான் வர வேண்டும்; அந்தத் துண்டின் மேல் விரலை வைத்தவள் எடுத்துவிட்டாள். அது அவள் கேட்பதற்காகச் சொன்ன சொல் அல்ல. பெயர் எழுத வேண்டும், கேட்காமல் எப்படி எழுதுவது என்று தனக்குத்தானே வாதாடினாள். கடைசியில் அதைக் கேட்காமல் விட்டுவிட்டு மற்றதை எல்லாம் கேட்டாள். தண்ணி இருந்தது, தம்பி இருந்தது. எல்லாம் அதனதன் இடத்தில் வந்தபிறகு கேட்காமல் விட்ட துண்டு அம்மாவாகத்தான் இருக்க முடியும்.

தலைவரிடம் போனாள். குரல் கிடைத்துவிட்டது என்றதும் அவர் முகம் தெளிந்தது. அப்படியானால் கடிதமே வேண்டாம், ஒரு கோளாறு, சரி செய்தாயிற்று, அவ்வளவுதான் என்றார். கமா ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு மனிதர் பசி என்று சொன்னதை நாம் சரி என்று மாற்றிச் சொல்லியிருக்கிறோம், வேறு யார் வீட்டில் என்னென்ன மாற்றிச் சொல்லியிருக்கிறோமோ தெரியாது, ஒவ்வொரு வீட்டுக்கும் தெரிய வேண்டும் என்றாள். அவள் குரல் உயரவில்லை, ஆனால் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவும் இல்லை. கடைசியில் தலைவர், எழுதிக்கொண்டு வா, என் கையெழுத்தும் கீழே இருக்கட்டும் என்றார். பட்டியல் ஏற்றும் வேலை அவளிடமிருந்து எடுக்கப்படும் என்பதையும் சொன்னார். அவள் தலையாட்டினாள். தமிழில் பெயர் வைத்த மற்ற ஃபோல்டர்களை நறுக்கி முடிக்கும் வரைக்கும் மட்டும் தன்னிடம் இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டாள். அது கிடைத்தது.

ஆபரேட்டர் வீட்டுக்குக் கடிதத்தை அவளே கொண்டுபோனாள். டீச்சரும் கூட வந்தாள். இரண்டாவது மாடி, லிஃப்ட் இல்லை. சின்ன அறையில் ஜன்னலை ஒட்டிக் கட்டில், கட்டிலுக்குப் பக்கத்தில் சக்கர நாற்காலி, மேசைமேல் பாதி காலியான கஞ்சிக் கிண்ணம். சட்டைக் காலர் இன்னும் பெரியதாகத்தான் இருந்தது, ஆனால் கன்னத்தில் கொஞ்சம் நிறம் வந்திருந்தது. மகள் கடிதத்தை நின்றபடியே படித்தாள். திரும்பவும் படித்தாள்.

"நீங்கதானா அது?" என்றாள்.

"நான்தாங்க."

மகள் கடிதத்தை மடித்தாள். பரவாயில்லை என்று சொல்லவில்லை. உட்காருங்கள் என்றும் சொல்லவில்லை. கஞ்சிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள். உள்ளே குழாய் திறந்து தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. கழுவ ஒரு கிண்ணம்தான் இருந்தது, தண்ணீர் நிற்காமல் விழுந்துகொண்டே இருந்தது.

டீச்சர் பலகையை வாங்கி, இயந்திரக் குரலை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, அவருடைய துண்டுகளை ஏற்றினாள். ஒவ்வொன்றும் ஏறியதும் ஆபரேட்டர் விரலால் தொட்டுப் பார்த்தார். பசி, பசி என்றது. வேணும், வேணும் என்றது. வேணாம் என்பதைத் தொட்டு அது வேணாம் என்றதும் அதையே இன்னொரு தடவை தொட்டார். ஒவ்வொரு சொல்லுக்கும் டீச்சர் தலையாட்டினாள். கமா சுவரோரம் நின்று, தான் கேட்காமல் விட்ட துண்டு அதுதானா, அளவு தவறி வேறு எதையாவது வெட்டிவிட்டோமா என்று உள்ளங்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

கடைசியாக அந்தப் பொத்தான் ஏறியது. டீச்சர் பலகையை அவர் மடியில் திருப்பி வைத்தாள். விரல் அங்கே போக நேரம் எடுத்தது. நகம் கண்ணாடியில் உரசியது.

"அம்மா" என்றது பலகை.

கூப்பிடுகிற குரல். கதவுக்கு அப்பால் இருப்பவளுக்குக் கேட்க வேண்டும் என்று கொஞ்சம் எடுத்துச் சொன்ன குரல். சமையலறையில் குழாய் நின்றது.

"என்னப்பா?" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. யோசிக்காமல் வந்த பதில், கைவேலையாக இருக்கும்போது கூப்பிட்டால் வருமே, அந்த லேசான எரிச்சல்கூட அதில் இருந்தது. அதன் பிறகு உள்ளே சத்தமே இல்லை. மகள் வெளியே வரவும் இல்லை.

ஆபரேட்டர் காத்திருந்தார். அடுத்து என்ன சொல்வது என்று அவர் தேடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, அதே இடத்தில் இருந்த விரலை எடுத்து, மறுபடி வைத்தார்.